பிரேக் பேட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

எழுபதை நெருங்குகிற ஒருவர் வீட்டு வாசலில் மணை போட்டு உட்கார்ந்து மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் பேட்டை மாற்றலாமா? மாற்றலாம் என்பது என் கட்சி. கூடாது என்பது என் மகன் கட்சி. அவன் பெங்களூரில் இருக்கிறான், ஆகையால் இதுவரை என் கட்சிதான் ஆட்சியில் இருக்கிறது.

அவன் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "அப்பா, செயினுக்கு ஆயில் போடுங்க, ஏர் ஃபில்டரைத் தட்டுங்க, யார் வேண்டாம்னா? பிரேக் விளையாட்டு இல்லை. அதுக்குன்னு ஆள் இருக்காங்க" என்பான். விளையாட்டு இல்லை என்பதால்தான் நான் உட்கார்கிறேன் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலர் இன்னமும் காய்கறிக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் இரு சக்கர வண்டியில்தான் போகிறோம். நமக்கு இது வெறும் மெக்கானிக் சமாசாரம் இல்லை.

காசு மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஜோடி பேட் சில நூறு ரூபாய். மாற்றும் கூலி அதிலும் குறைவு. ரயில்வே எனக்குக் கொடுக்கிற ஓய்வூதியம் அந்தக் கூலியைத் தாராளமாகத் தாங்கும். பேட்டைக் கழற்றும்போது கண்ணுக்குப் படுகிற விஷயங்களுக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன். பேட் மாற்றுவது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வேலை.

என்னோடு காலையில் நடக்கிற நண்பர் ஒருவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைத் தவறாமல் சர்வீஸுக்கு விடுகிற ரகம். ரசீதுகளைக் கூடத் தேதிவாரியாக ஃபைலில் குத்தி வைத்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தார். கொடுத்த தாளில் முன் பிரேக் என்ற இடத்தில் டிக் அடித்திருந்தது. மூன்று வாரம் கழித்து பால்பண்ணை பக்கம் முன்னால் போன மினி பஸ் சட்டென்று நின்றது. இவரும் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஹாண்டிலை ஒடித்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தார்கள். வலது கை. இன்றைக்கும் டம்ளரை இடது கையால்தான் எடுக்கிறார்.

அந்த வண்டியைப் பிறகு நான்தான் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பேட்களில் ஒன்று பாதிக்கு மேல் தடிமனாக, பார்க்க லட்சணமாக இருந்தது. மற்றது இரும்புத் தகடு வரை தேய்ந்து, டிஸ்கில் கிராமபோன் தட்டு மாதிரி கோடு இழுத்திருந்தது. சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்துப் பார்த்த பையன் கண்ணில் பட்டது அந்த நல்ல பேட் மட்டும்தான் என்பது என் ஊகம். அவனைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்க்கிறானோ! பேட் நன்றாக இருந்திருந்தால் நண்பர் விழுந்தே இருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மினி பஸ்காரர் நின்ற லட்சணம் அப்படி. ஆனால் அந்த டிக் பொய் என்பதற்குச் சாட்சி என் கையில் இருந்தது.

ஒரு பேட் தேய்ந்து இன்னொன்று தேயாமல் இருப்பது எப்படி என்று கேட்பீர்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது மிதக்கும் வகைக் கேலிபர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். லிவரை அழுத்தினால் பிஸ்டன் தன் பக்கத்து பேட்டை டிஸ்கின் மேல் தள்ளும். தள்ளின வேகத்தில் கேலிபர் முழுவதும் எதிர்ப்பக்கம் நகர்ந்து மறுபக்கத்து பேட்டையும் இழுத்து டிஸ்கில் ஒட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு தட்டைப் பிடிப்பது போல. இந்த நகர்தலுக்கு இரண்டு பின்கள் இருக்கின்றன. ரப்பர் உறைக்குள் கிரீஸோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டியவை. உறை கிழிந்து மழைத் தண்ணீர் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் கேலிபர் நகராது. பிஸ்டன் பக்கத்து பேட் மட்டும் தனியாகப் பாரம் சுமக்கும். என் நண்பர் வண்டியில் நடந்தது அதுதான். பேட் தேய்ந்தது விளைவு, பின் இறுகினது காரணம். பேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தாலும் ஆறு மாதத்தில் அதே கதை திரும்பியிருக்கும்.

கேலிபரைக் கையில் எடுத்து அந்தப் பின்னை ஆட்டிப் பார்க்காமல் இது தெரியாது. ஒரு நாளில் பதினைந்து வண்டி பார்க்கிறவனுக்கு அதற்கு நேரமில்லை. எனக்கு இருக்கிறது. ஓய்வு பெற்றவனிடம் ஏராளமாக இருக்கும் ஒரே சொத்து அதுதானே.

இன்னொரு சங்கதி, பிரேக் ஆயில். ஹாண்டில் மேல் இருக்கிற சின்ன டப்பாவில் அதன் மட்டம் குறைந்தால் பலரும் உடனே ஊற்றி நிரப்பச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். பிஸ்டன் விட்டுப்போன இடத்தை நிரப்ப டப்பாவில் இருந்து ஆயில் கீழே இறங்கும். ஆகவே மட்டம் குறைவது பல சமயம் பேட் தேய்ந்ததற்கு வண்டி எழுதும் கடிதம். பிரிக்காமலே கிழித்துப் போடுவது போலத்தான் அதை ஊற்றி நிரப்புவது. பேட்டும் புதிது, கசிவும் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

ஆயில் என்று நாம் கூப்பிடுவதே தப்பு. என்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. எண்ணெய்தானே என்று வேறெதையாவது ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். போன தீபாவளிக்குத் திறந்த பாட்டிலை இந்தத் தீபாவளிக்கு ஊற்றக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் பெயிண்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பிக்கலாம்.

நம் தலைமுறைக்கு முன் பிரேக் என்றாலே ஒரு பயம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ராஜ்தூத், எஸ்டி, புல்லட், சேட்டக் என்று நாம் பழகின வண்டிகள் எல்லாவற்றிலும் அப்போது முன்னாலும் டிரம் பிரேக்தான். கேபிளை இழுத்தால் உள்ளே ஷூ விரியும். மழையில் ஒரு மாதிரி பிடிக்கும், வெயிலில் ஒரு மாதிரி பிடிக்கும். கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "முன் பிரேக்கைத் தொடாதே, கவுந்துடுவே." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாற்பது வருடம் பின் பிரேக்கிலேயே காலம் தள்ளினவர்களை எனக்குத் தெரியும். என் மைத்துனர் ஒருவருக்கு முன் லிவர் என்பது விரலுக்கு ஓய்வு கொடுக்கும் இடம்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் எல்லாரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்பக்கம். வண்டியின் பாரமும் அப்படித்தான். பிரேக் பிடித்த மாத்திரத்தில் பாரம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கத்தான் செய்யும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. மணலிலும் வளைவிலும் வெடுக்கென்று பிடித்தால் விழுவோம் என்பது உண்மை. அதற்காகத் தொடவே கூடாது என்பது, கத்தி வெட்டும் என்று காய் நறுக்காமல் இருப்பது போல.

1999இல் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். வந்த காலத்தை ஒட்டித்தான் நம் தெருக்களில் முன் டிஸ்க் பிரேக்கைப் பரவலாகப் பார்க்க ஆரம்பித்தோம். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்று அரசாங்கமே சட்டம் போட்டுவிட்டது. அதற்குக் கீழே உள்ளவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு. முன் பிரேக்கைத் தொடாதவனுக்கும் முன் பிரேக் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் என்ன போட்டாலும், கம்ப்யூட்டர் என்ன யோசித்தாலும், கடைசியில் டிஸ்கைக் கவ்விப் பிடிப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கறுப்பு வில்லைதான். அது இல்லாத இடத்தில் ஏ.பி.எஸ். என்ன செய்யும்?

சரி, வேலைக்கு வருவோம். பேட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் மறைந்து சமதளமாகிவிட்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. சில பேட்களில் ஓரத்தில் வெட்டு இருக்கும். எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை நம்மில் யாரும் பிரித்ததில்லை. ஆர்.சி. புக்கோடு பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கும். எடுத்துப் படியுங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

பேட் வாங்கும் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனத்தை மன்னிக்க மாட்டேன். கடைக்காரர் இரண்டு பாக்கெட் எடுத்துப் போட்டு, "சார், இது கம்பெனி, இது லோக்கல், ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். இரண்டும் ஒன்று என்றால் விலை ஏன் இரண்டு? சென்னை பாடியில் பிரேக் சாமான் செய்யும் கம்பெனிகள் 1960களில் இருந்து இருக்கின்றன. நம் மாநிலத்திலேயே நல்ல சரக்கு தயாராகும்போது ஊர் பேர் தெரியாத பாக்கெட்டில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பானேன்? பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோய் வடிவத்தை ஒட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

டிஸ்க் ஆறின பிறகுதான் உட்கார வேண்டும். ஓடி வந்த வண்டியின் டிஸ்க் தோசைக்கல்தான். மூக்குக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். மெக்கானிக்குகள் டிரம்மைத் திறந்து வாயால் ஊதித் தூசியைப் பறக்கவிட்டதை நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். இப்போதைய பேட் தூசியும் பன்னீர் இல்லை. ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்தால் போதும். பேட்டைக் கோத்து வைத்திருக்கிற பின்னை, கேலிபர் வண்டியில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தளர்த்த நினைத்தால் மூன்றாவது கை வேண்டும். அப்புறம் ஃபோர்க்கோடு கேலிபரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். கழன்றதும் கேலிபரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கயிற்றால் ஹாண்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் என்பது வண்டியின் தொண்டைக்குழல், அதில் பாரம் ஏற்றுவது பாவம். ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் பக்கத்தில் மெல்லிசாக ஒரு ஒயர் ஓடும். அதையும் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேட்டை உருவின பிறகு யாரும் பிரேக் லிவரைத் தொடக் கூடாது. வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் அவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். குழந்தைகளுக்கு லிவர் என்றால் கை துறுதுறுக்கும். அழுத்திக்கொண்டே இருந்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும், ஆயில் கொட்டும். அப்புறம் அது வீட்டு வேலை இல்லை.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளுவது பலரும் செய்கிற காரியம். மெக்கானிக்குகளும் செய்கிறார்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பி. மாதக்கணக்கில் மண்ணும் தூசியும் படிந்திருக்கிற பிஸ்டன் அது. துடைக்காமல் தள்ளினால் அழுக்கெல்லாம் ரப்பர் வளையத்துக்குள் போகும். அந்த வளையம் சாமானியப்பட்டது இல்லை. லிவரை அழுத்தும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். பேட் டிஸ்கை விட்டு விலகுவது அதனால்தான், வேறு ஸ்பிரிங் கிடையாது. அதில் மண் சேர்ந்தால் பிஸ்டன் திரும்பாது, பிரேக் எந்நேரமும் உரசிக்கொண்டே போகும், பெட்ரோலும் கூடும். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், சுத்தமான துணி. பிஸ்டனைச் சுற்றித் தேய்த்துத் துடைத்து, பழைய பேட்டை வைத்துக் கட்டைவிரலால் சீராக அழுத்தினால் உள்ளே போக வேண்டும். அழுத்தும்போது மேலே டப்பாவில் மட்டம் ஏறும், அதில் ஒரு கண் இருக்கட்டும், பக்கத்தில் துணி இருக்கட்டும். கையால் போகவில்லை என்றால் நெம்ப வேண்டாம். உள்ளே வேறு கோளாறு. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான் முன்னே சொன்ன வழுக்கும் பின்கள் இரண்டையும் உருவி, துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். டிஸ்கில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஆழமாக வரி தட்டினால் அல்லது டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்தால் புது பேட் போட்டும் பிரயோஜனம் இல்லை.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். தகட்டுப் பக்கம் பிஸ்டனுக்கு, வில்லைப் பக்கம் டிஸ்குக்கு. இதைக் கூடவா சொல்ல வேண்டும் என்பீர்கள். மாற்றி மாட்டி இரும்பு இரும்போடு உரசி வந்த வண்டிகளை எங்கள் தெருமுனை மெக்கானிக் பார்த்திருக்கிறார். பேட் ஆடாமல் இருக்க ஒரு மெல்லிய தகடு ஸ்பிரிங் இருக்கும், அது தன் இடத்தில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். வில்லையில் கிரீஸ் கை படவே கூடாது. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. "என் கைக்கே அளவு தெரியும்" என்பவர்கள் உண்டு. அலுமினியத்தில் மரை போன பிறகு அந்தக் கை என்ன செய்யும்?

எல்லாம் மாட்டியாயிற்று, சாவி போட்டுக் கிளம்பலாம் என்று தோன்றும் நேரம்தான் இந்த வேலையிலேயே ஆபத்தான நேரம். பிஸ்டனை நாம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம். பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. இப்போது லிவரை அழுத்தினால் வெண்ணெயில் கத்தி போல ஹாண்டில் வரைக்கும் போகும், வண்டி நிற்காது. தெருவில் இறங்கி முதல் முறை பிரேக் பிடிக்கும்போதுதான் இது தெரிய வந்தால் எதிரே வருகிறவர் பாடு என்ன? ஆகவே நின்ற இடத்திலேயே லிவரை விட்டு விட்டு அழுத்துங்கள். ஐந்தாறு அழுத்தில் கெட்டிப்படும். கெட்டிப்படாமல் பஞ்சு மாதிரியே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். வண்டியை உருட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். ஓட்டிக்கொண்டு அல்ல, உருட்டிக்கொண்டு.

பொன்மலைப் பணிமனையில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டினவன் நான். அங்கே பழகின ஒரு பழக்கம், வேலை செய்தவன் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, இன்னொருவன் பார்த்து அவனும் போட வேண்டும். செய்தவன் கண்ணுக்குத் தன் வேலை சரியாகத்தான் தெரியும். வீட்டில் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு என் மனைவியை நியமித்திருக்கிறேன். ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாக வாசிப்பாள். "பேட் பின்?" "போட்டாச்சு." "காட்டுங்க." காட்ட வேண்டும். "ரெண்டு போல்ட்டு?" காட்ட வேண்டும். கடைசியில் அவளே லிவரை அழுத்திப் பார்ப்பாள். "கெட்டியா இருக்குங்க, போயிட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டும். எங்கள் வீட்டில் சமையலுக்கு நான் உப்பு பார்ப்பதில்லை, பிரேக்குக்கு அவள் பார்க்கிறாள். எந்த சர்வீஸ் சென்டரில் இந்த ஏற்பாடு இருக்கிறது?

முதல் நூறு, இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல புது பேட் டிஸ்குக்குப் பழக வேண்டும். அதுவரை பிரேக் கொஞ்சம் தூரமாகத்தான் பிடிக்கும். மாற்றின அன்றே சமயபுரம் போகிறேன், நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள், கண்புரை உள்ளவர்கள், அவசரக்காரர்கள், யாராவது கூப்பிட்டால் பாதியில் எழுந்து போகிறவர்கள் செய்யக் கூடாது. பேட், பின், கிரீஸ் இதோடு என் எல்லை முடிகிறது. ஹோஸைக் கழற்றுவது, காற்று எடுப்பது, மாஸ்டர் சிலிண்டரைத் திறப்பது, ஏ.பி.எஸ்.ஸைத் தொடுவது எதையும் நான் செய்வதில்லை. நம் தெருமுனை மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுகிற எண்ணமும் இல்லை. அவர் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். "அண்ணே, நீங்க ஒருத்தர் பண்ணுறீங்க. மத்தவங்க பேட் தீர்ந்து டிஸ்க்கும் போன பிறகுதான் எங்கிட்ட வர்றாங்க. எனக்கு வருமானம் அதுலதான்" என்றார். அவர் சொன்னதில் வருத்தமும் கொஞ்சம் இருந்தது.

கையால் செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு காரியம் இருக்கிறது. மாதம் ஒரு முறை டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து இரண்டு பேட்டையும் பாருங்கள். இரண்டையும். குனிய முடியாவிட்டால் செல்போனைச் சக்கரத்துக்குள் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அதற்காவது அந்தப் போன் பயன்படட்டும். கடையில் மாற்றினால் பக்கத்தில் நில்லுங்கள், பின்னை உருவிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள், பழைய பேட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் மூஞ்சியைத் தூக்குவார்கள், தூக்கட்டும். இரண்டையும் கையில் வைத்து ஒப்பிட்டால் வண்டியின் ஜாதகமே தெரியும். சமமாகத் தேய்ந்திருந்தால் நிம்மதி. ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு என்றால் அங்கேயே, கிளம்புவதற்கு முன்பே, ஏன் என்று கேளுங்கள்.

என் வண்டியின் பழைய பேட்களைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். மகன் போன முறை வந்தபோது அதைத் திறந்து பார்த்தான். ஒரு ஜோடியை எடுத்து விரலால் தடவினான். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றான். மறுநாள் காலை என் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் போய்விட்டு வந்து, பிரேக் எப்படி என்று நான் கேட்காமலேயே, "நல்லா பிடிக்குதுப்பா" என்றான். ஆனால் தன் பெங்களூர் வண்டியைப் பற்றிக் கேட்டபோது, எப்போது மாற்றினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் அங்கே போகிறேன். ஆலன் கீ செட்டையும் கிரீஸ் டப்பாவையும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவன் அபார்ட்மென்டில் மணை இருக்குமா என்று தெரியவில்லை, அதையும் எடுத்துப் போகலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் தாளை மறக்காமல் எடுத்து வைக்கச் சொன்னாள்.